இந்தக் கோப்பைத் திருத்த வேண்டாம்

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. கோலாலம்பூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். நாங்கள் எழுதிக்கொண்டிருந்த பதிவுச் செயலி, வாடிக்கையாளரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பதில் வந்தால்தான் பதிவு முடியும். சோதனைக்கு என் பெயரையே போட்டுப் பார்த்தேன். பிழை. பக்கத்து மேசை மலாய் நண்பரின் பெயரைப் போட்டேன், போனது. சீன நண்பரின் பெயரும் போனது. மறுபடியும் என் பெயர். மறுபடியும் பிழை.

அரை மணி நேரம் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' இருக்கிறது. 'அனாக் லெலாகி', அதாவது மகன். பெண்களுக்கு 'ஏ/பி'. நம்மில் பெரும்பாலோர் பெயருக்குள் அந்தச் சாய்கோடு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நிரலில் இருந்த ஒரு கோப்போ, பெயர் என்றால் ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் மட்டும்தான் என்று விதி வைத்திருந்தது. மலாய்ப் பெயரில் வரும் 'பின்' வெறும் எழுத்துகள் என்பதால் தப்பித்துவிட்டது.

கோப்பைத் திறந்தேன். நான்காயிரம் வரிகளுக்கு மேல். தலைப்பகுதியில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை: இது கருவியால் தானாக உருவாக்கப்பட்டது, கையால் திருத்த வேண்டாம். மூத்த சக ஊழியரிடம் கேட்டேன்.

"அண்ணே, இத யாரு எழுதுனா?"

"யாரும் எழுதல தம்பி. ஜெனரேட் ஆனது."

யாரும் எழுதாத ஒரு விதி, என் பெயர் பெயரில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போனபோதுதான் தெரிந்தது, இந்த மாதிரிக் கோப்புகளுக்கு நாற்பதாண்டு வரலாறு இருக்கிறது என்று. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்தும் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

மாமாக் கடையில் ஒரு தே தாரிக்

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாமாக் கடையில் உட்கார்ந்து "தே தாரிக் ஒன்னு, குராங் மானிஸ்" என்கிறோம். அண்ணன் போய்க் கல்லாப் பக்கம் குரல் கொடுக்கிறார். அங்கே ஒருவர் அதைக் கேட்டு ஆற்றுகிறவரிடம் சொல்கிறார். தே வருகிறது. நாம் எழுந்து போகவே இல்லை. ஆற்றுகிறவரிடமே நேராகப் பேசிய மாதிரிதான் இருக்கிறது.

கணினியிலும் ஒரு நிரல் இன்னொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரே கணினிக்குள் என்றால் பெயரைச் சொன்னால் போதும். வேறு கணினி என்றால் கொடுக்க வேண்டிய தகவலைப் பைட்டுகளாக மடித்து, கம்பி வழியே அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து, பதிலை இதே மாதிரி மடித்துத் திருப்ப வேண்டும். கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சலிப்பான வேலை. எங்காவது ஓரிடத்தில் தவறும். ஆகவே என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்பதை மட்டும் ஒரு கோப்பில் எழுதிவிடுவது. அதைக் கருவியிடம் கொடுத்தால் மடிக்கிற, பிரிக்கிற நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். அந்தக் கோப்பு மெனு அட்டை என்றால், உருவாகி வருகிற நிரல் ஆர்டர் எடுக்கிற அண்ணன்.

இந்த ஆசை பழையது. 1976இல் ஜேம்ஸ் வைட் என்பவர் ஆர்எஃப்சி 707 என்ற குறிப்பில், பிணையத்தின் மறுமுனையில் இருக்கும் ஃபங்ஷனையும் நம்முடையதைப் போலவே கூப்பிட வழி வேண்டும் என்று வாதிட்டார். 1981இல் புரூஸ் நெல்சன் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாக்கினார். தலைப்பே 'ரிமோட் புரொசீஜர் கால்', தொலைவிலிருந்து அழைத்தல். பிறகு அவரும் ஆண்ட்ரூ பிரெல்லும் ஸெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் அதைக் கட்டிக் காட்டினார்கள். 1984 பிப்ரவரியில் வந்த அவர்களது கட்டுரை இன்றும் படிக்க எளிதானது. பிணைய வல்லுநர்கள் மட்டுமே செய்துவந்த காரியத்தை எல்லா நிரலாளருக்கும் எளிதாக்குவதே நோக்கம் என்று அதில் சொல்கிறார்கள்.

அவர்கள் பயன்படுத்திய மொழி மீசா. அதில் ஒரு தொகுப்பு வெளியுலகத்துக்குக் காட்டும் ஃபங்ஷன்களைத் தனி இடைமுகக் கோப்பில் எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. லூப்பைன் என்ற கருவி அந்தக் கோப்பைப் படித்து இரண்டு துண்டு நிரல்களை எழுதியது, அழைக்கும் பக்கம் ஒன்று, பதில் சொல்லும் பக்கம் ஒன்று. அந்தத் துண்டுகளுக்கு 'ஸ்டப்' என்று பெயர். இன்றுவரை அதே பெயர்தான்.

அதே கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தத் தகவலும் கொடுக்காமல், எதுவும் வாங்காமல், சும்மா கூப்பிட்டுத் திரும்பினால் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே கணினிக்குள் 9 மைக்ரோவினாடி. இன்னொரு கணினிக்குப் போய்வர 1097. நூறு மடங்குக்கும் மேல். அழைக்கும் வரி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். தூரம் அந்த வரியில் தெரியாது. தெரியாமல் செய்ததுதான் அவர்களுடைய சாதனை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கும் அதுதான் வேர் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கோப்புக்கு ஒரு தனி மொழி

ஸெராக்ஸ் ஆய்வகத்தில் இரண்டு பக்கமும் மீசா. வெளியுலகம் அப்படி இல்லை. ஒரு கணினி எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும், இன்னொன்று கடைசியில் வைக்கும். ஆகவே யாருடைய மொழியும் அல்லாத ஒரு பொது மொழி தேவைப்பட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் எக்ஸ்டிஆர் என்ற பொது வடிவத்தை வகுத்து 1987இல் ஆர்எஃப்சியாக வெளியிட்டது. அதற்கான கருவியின் பெயர் ஆர்பிசிஜென். சின்ன ஒரு கோப்பைக் கொடுத்தால் சி மொழியில் நிரல்களை எழுதிக் கொடுக்கும். என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. அந்தக் கோப்பில் நிரலுக்கு ஓர் எண், பதிப்புக்கு ஓர் எண், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஓர் எண் உண்டு. பதிப்புக்கு எண் வைத்தார்கள் என்றால், இது நாளைக்கு மாறும் என்பதை ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

1989இல் சில நிறுவனங்கள் சேர்ந்து ஓஎம்ஜி என்ற அமைப்பைத் தொடங்கின. 1991இல் கோர்பா வந்தது. அதில் கோப்பு எழுதும் மொழிக்கே ஐடிஎல் என்று பெயர். இடைமுகத்தை விவரிக்கும் மொழி. சி, சி++, பிறகு ஜாவா என ஒரே கோப்பிலிருந்து எந்த மொழிக்கும் நிரல் பிறக்கும். அழைக்கும் பக்கத்துக்கு 'ஸ்டப்', பதில் சொல்லும் பக்கத்துக்கு 'ஸ்கெலிட்டன்', எலும்புக்கூடு. சதையை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசையும் பெரிதானது. பொருள் எங்கே இருக்கிறது என்று நிரலாளர் யோசிக்கவே வேண்டியதில்லை, பக்கத்திலா பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியா என்பது அமைப்பின் கவலை என்றார்கள்.

1994இல் சன் நிறுவனத்துக்குள்ளிருந்தே மறுப்பு வந்தது. ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் எழுதிய அந்தக் கட்டுரை, தூரத்தை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது என்றது. அவர்கள் சொன்ன வேறுபாடுகளில் ஒன்று பாதித் தோல்வி. மாமாக் கடைக்கே திரும்பினால் எளிதாகப் புரியும். ஆர்டர் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது, தே வரவில்லை. அண்ணன் மறந்துவிட்டாரா? சொல்லிவிட்டாரா, அங்கே பால் தீர்ந்துபோச்சா? இல்லை, தே பக்கத்து மேசைக்குப் போய்விட்டதா? மறுபடியும் கேட்டால் இரண்டு தே வரலாம். ஒரே கணினிக்குள் இந்தக் குழப்பம் இல்லை. செத்தால் எல்லாம் சேர்ந்து சாகும். தூரம் இருந்தால் பாதி சாகும், எந்தப் பாதி என்று தெரியாது. தே என்றால் இரண்டையும் குடித்துவிடலாம். பணம் அனுப்பும் அழைப்பு என்றால்?

சவுக்காரத்தில் வழுக்கியது

இணையம் பரவியதும் கோர்பா வகையறாக்கள் நிறுவனங்களின் தீச்சுவர்களில் முட்டிக்கொண்டன. வலைப்பக்கங்கள் போய்வரும் வழி மட்டும் எல்லா இடத்திலும் திறந்திருந்தது. அந்த வழியாகவே அழைப்புகளையும் அனுப்பினால் என்ன என்று 1998இல் டேவ் வைனர், மைக்ரோசாஃப்ட்காரர்கள் சிலர், டான் பாக்ஸ் ஆகியோர் யோசித்தார்கள். அதே ஆண்டுதான் எக்ஸ்எம்எல் தரநிலையானது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வந்தது, பின்னால் சோப் வந்தது. பெயர் சவுக்காரமேதான். அந்தச் சுருக்கத்தின் முதல் எழுத்து 'எளிய' என்ற சொல்லுக்கானது. 2003இல் வந்த 1.2 பதிப்பில் விரிவாக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள். சோப் என்பது வெறும் பெயர்தான் என்றாகிவிட்டது.

சோப்புக்கு மெனு அட்டை, 2001 மார்ச்சில் அரீபா, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து டபிள்யூ3சியிடம் கொடுத்த டபிள்யூஎஸ்டிஎல் 1.1. அடுத்த ஆண்டு வந்த விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட்டில் சேவையின் முகவரியைக் கொடுத்தால் போதும், கிளையன்ட் நிரல் முழுவதும் சில வினாடிகளில் தயார். ஜாவாக்காரர்களுக்கு அப்பாச்சி ஆக்ஸிஸில் ஒரு கருவி. அந்தக் காலத்து நிரலாளர்களுக்கு இது மந்திரம் போல இருந்திருக்க வேண்டும்.

மந்திரத்தின் விலை பிறகு தெரிந்தது. டபிள்யூஎஸ்டிஎல் மனிதர் கையால் எழுத முடியாத அளவுக்கு நீளமானது. சர்வர் நிரலைப் பார்த்து ஒரு கருவி அதை எழுதும். இந்தப் பக்கம் இன்னொரு கருவி அதைப் படித்து கிளையன்டை எழுதும். மெனு அட்டையைக் கடைக்காரரும் எழுதவில்லை, சாப்பிடுகிறவரும் படிக்கவில்லை. லூப்பைனுக்குக் கொடுத்த மீசா கோப்பை ஒரு மனிதர் யோசித்து எழுதினார். இருபது ஆண்டுகளுக்குள் அந்த மனிதர் காணாமல் போய்விட்டார்.

ஒரு நிறுவனத்தின் கருவி எழுதியதை இன்னொரு நிறுவனத்தின் கருவி புரிந்துகொள்ளாத கதையும் நடந்தது. அதைச் சரிசெய்ய 2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்று தனி அமைப்பே தொடங்க வேண்டி வந்தது. எல்லோரும் ஒன்றாகப் பேசத்தான் தரநிலை. அந்தத் தரநிலையை எப்படிப் பயன்படுத்துவது என்று 2004இல் இன்னொரு ஆவணம். இதற்கிடையில் அமேசான் தன் சேவையை சோப் வழியாகவும், எளிய வலைமுகவரி வழியாகவும் கொடுத்தது. பயன்பாட்டில் 85 விழுக்காடு எளிய வழியில்தான் என்று 2003இல் டிம் ஓ'ரெய்லி எழுதினார். 2006 டிசம்பரில் கூகள் தன் சோப் தேடல் சேவைக்குப் புதிதாக அனுமதி தருவதை நிறுத்தியது.

ஓர் அகராதியிலிருந்து

எளிய வழிக்குக் கோட்பாடாகச் சொல்லப்பட்டது, 2000இல் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த ரெஸ்ட். பலர் அதைப் படிக்காமலேயே ரெஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. கருவிகளால் களைத்துப்போனவர்கள் விவரக் கோப்பையே தூக்கி எறிந்தார்கள். ஒரு வலைப்பக்கத்தில் விளக்கம் எழுதிவைப்பார்கள். அதைப் படித்து கிளையன்டை நாம் கையால் எழுத வேண்டும். சில ஆண்டு நிம்மதி. பிறகு பழைய வலி திரும்பியது. விளக்கம் ஒன்று சொல்லும், சர்வர் வேறொன்று செய்யும். சேவைகள் நூறாகப் பெருகியதும் கையால் எழுதிச் சமாளிக்க முடியவில்லை.

சன் நிறுவனம் வேடில் என்ற விவரிப்பு மொழியைக் கொண்டுவந்து 2009இல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பித்தது. மறுபடியும் எக்ஸ்எம்எல். எடுபடவில்லை. அதே காலத்தில் வேர்ட்நிக் என்ற இணைய அகராதியில் டோனி டாம் என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தார். சொற்களின் பொருளையும் எடுத்துக்காட்டுகளையும் மற்ற செயலிகளுக்குக் கொடுக்கும் சேவை அது. அதற்காக அவர்கள் செய்துகொண்ட விவரிப்பு முறை 2011இல் வெளியானது. வேடில் என்பது ஆங்கிலத்தில் வாத்து மாதிரி அசைந்து நடப்பதற்கான சொல்லைப் போல ஒலிக்கும். வாத்து நடை எதற்கு, நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாமே என்று அங்கே ஒருவர் கிண்டலாகக் கேட்கப்போய், அதற்கு ஸ்வாகர் என்று பெயர் வந்தது. நாம் தினமும் பயன்படுத்தும் கருவி ஓர் அகராதிக்காரர்களிடமிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஸ்வாகரில் புதிதாக இருந்தது நிரல் உருவாக்கம் அல்ல. அதே கோப்பை மனிதர் படிக்கும் பக்கமாகவும் காட்டியதுதான். ஒவ்வொரு ஃபங்ஷனும் வண்ணப் பட்டையாகத் தெரியும். அங்கேயே மதிப்பைப் போட்டு அழைத்துப் பார்க்கலாம். காணாமல் போயிருந்த வாசகர் திரும்பி வந்தார். 2015 நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்ஏபிஐ முன்னெடுப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்வாகர் விவரிப்பின் பெயரும் ஓப்பன்ஏபிஐ ஆனது. 2018இல் பங்களிப்பாளர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஸ்வாகரின் நிரல் உருவாக்கியிலிருந்து பிரிந்து ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டரைத் தொடங்கினார்கள். என் பெயரை மறுத்த நான்காயிரம் வரிகளை எழுதியது இந்த வம்சத்துக் கருவிதான்.

இன்னொரு கிளையையும் சொல்லியாக வேண்டும். கூகள் 2008இல் புரோட்டோகால் பஃபர்ஸை வெளியிட்டது. 2015இல் அதன் மேல் ஜிஆர்பிசி வந்தது. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் உண்டு. தகவலை நீக்கினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தரக்கூடாது. தெரியாத எண் வந்தால் பழைய நிரல் கத்தாமல் கடந்துபோகும். முதலில் அந்த மொழியில் 'கட்டாயம்' என்று ஒரு சொல் இருந்தது. இந்தத் தகவல் இல்லாமல் வந்தால் முழுச் செய்தியும் செல்லாது. ஒரு தகவலைக் கட்டாயம் என்று அறிவித்துவிட்டால் பிறகு அதை விலக்கவே முடியாது, விலக்கினால் எங்கோ ஒரு பழைய நிரல் விழும் என்பதை அனுபவத்தில் கற்றார்கள். 2016இல் வெளியான மூன்றாம் பதிப்பில் 'கட்டாயம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாய்கோடு

என் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு வந்த விவரக் கோப்பில் பெயருக்கு இரண்டு பெட்டிகள். தன் பெயர், குடும்பப் பெயர். இரண்டுமே கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? 'ஏ/எல்' என்பதோடு அப்பா பெயரைச் சேர்த்துப் போட்டோம், சாய்கோட்டில் விழுந்தது. நான் இளைஞன், அவசரக்காரன். எச்சரிக்கையை மீறி நான்காயிரம் வரிக்குள் நுழைந்து விதியில் சாய்கோட்டைச் சேர்த்தேன். பெயர் போனது. சர்வர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது! அவர்களுக்குச் சாய்கோடு ஒரு பிரச்சினையே இல்லை. தடை கோப்பில் மட்டும்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேறொருவர் புதிய கோப்பைப் போட்டு நிரலை மறுபடி உருவாக்கினார். என் திருத்தம் போன இடம் தெரியவில்லை. அந்த எச்சரிக்கை சொன்னது பொய்யில்லை.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரும்வரை தற்காலிகமாகச் சாய்கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினோம். 'ஏ/பி' என்பது 'ஏபி' ஆனது. ஒருநாள் வாடிக்கையாளர் ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, ரசீதுல எம் பேருக்கும் எங்கப்பா பேருக்கும் நடுவுல என்னமோ ஏபின்னு ஒரு பேரு வந்துருக்கே, யாரு அது?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து மறுமுனைப் பொறியாளரோடு பேசக் கிடைத்தது. நல்ல மனிதர். விதியை யார் எழுதினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் விவரக் கோப்பைக் கையால் எழுதுவதில்லை. சர்வர் நிரலில் இருக்கும் குறிப்புகளிலிருந்து கருவி எழுதிவிடும். பெயருக்கான குறிப்பு ஏதோ ஒரு பழைய படிவத்திலிருந்து யாரோ நகலெடுத்தது. விளக்கத்துக்காகப் போட்ட குறிப்பு என்பதால் அவர்கள் சர்வர் அதைச் சோதிப்பதே இல்லை. எங்கள் பக்கத்துக் கருவிதான் அதை உண்மை என்று நம்பிச் சட்டமாக்கிவிட்டது. யாரோ ஒரு நாள் யோசிக்காமல் போட்ட ஒரு வரி, இரண்டு கருவிகளைக் கடந்து வந்து, ஒரு நாட்டுத் தமிழர்களின் பெயரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் யாரிடமாவது சண்டை போட்டிருக்கலாம்.

அந்த வாரமே மாற்றினார்கள். ஒரே ஓர் எழுத்து. 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதற்காக நிரல் உருவாக்கிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இன்றும் வாரத்துக்கு ஒருமுறையாவது பயன்படுத்துகிறேன்; அந்த நான்காயிரம் வரிகளை நான் கையால் எழுதியிருந்தால் சாய்கோட்டைவிடப் பெரிய பிழைகள் செய்திருப்பேன். ஆனால் இந்த நாற்பதாண்டில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறது. கோப்பைக் கருவியிடம் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் பொறுப்பையும் அதனிடமே கொடுத்துவிடுவது. பதிப்பு எண், முகம் உள்ள ஆவணப் பக்கம், 'கட்டாயம்' என்ற சொல்லை எடுத்தது என்று இந்த வரலாற்றில் நல்லதாக நடந்ததெல்லாம், யாரோ ஒரு மனிதர் கோப்பை உட்கார்ந்து படித்து, நாளைக்கு வரப்போகிற அந்நியரை நினைத்துப் பார்த்ததால் நடந்தது.

இப்போது புதிய விவரக் கோப்பு வந்தால் கருவியை ஓட்டுவதற்கு முன் நான் முழுவதும் படிக்கிறேன். முதலில் 'பெயர்' என்று தேடுவேன். என்ன எழுத்துகள் அனுமதி, எத்தனை நீளம், எது கட்டாயம். பிறகு என் பெயர், என் அம்மாவின் பெயர், பெயரில் ஒரே ஒரு சொல் மட்டும் உள்ள நண்பன் ஒருவனின் பெயர், மூன்றையும் மனதுக்குள் அதில் போட்டுப் பார்ப்பேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள், "அதான் கருவியே எல்லாத்தையும் படிக்குதே அண்ணா, நீங்க ஏன் படிக்கிறீங்க?" அவளுடைய அடையாள அட்டையை எடுக்கச் சொன்னேன்.